பொருள்: டானின் என்பதற்குத் 'துவர்ப்பி' சரிதானா?

வணக்கம்.

பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்கள், அவற்றோடு சேரும் உணவுகள் பற்றிய கட்டுரைக்கான சொற்பட்டியலில், ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் பொருளான 'டானின்' மட்டும் முடிவாகவில்லை. இதுவரை வந்த பரிந்துரைகள்: துவரம், துவர்ச்சத்து, பதப்பொருள், துவர்ப்பி. என் சாய்வு கடைசிச் சொல்லின் பக்கம்.

அன்புடன்.

---

> டானின் என்றே விட்டுவிடலாமே. பாட்டில் சீட்டில்கூட அது அச்சாவதில்லை.

சீட்டில் இல்லாததால்தான் சொல் வேண்டும். போர்தோ, பர்கண்டி, மதிரான் என்று பெரும்பாலும் ஊர் அல்லது வட்டாரப் பெயரைத்தான் அச்சிடுகிறார்கள். அந்த இடத்து ஒயின் எவ்வளவு துவர்க்கும் என்பதை வாங்குபவர்தான் அறிந்திருக்க வேண்டும்; தட்டில் என்ன வைப்பது என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

'பதப்பொருள்' வரலாற்றுப்படி நியாயமான சொல். பிரெஞ்சில் 'தான்' என்பது தோல் பதனிட இடித்த ஓக் மரப்பட்டை. டானின் அதிலிருந்து வந்தது. நம் தோல் தொழிலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையும் அதுவே. ஆனால் படிப்பவர் உணவு கெடாமல் காக்கும் பொருள் என்றே எடுத்துக்கொள்வார். 'துவரம்' என்றதும் பருப்பு முந்திக்கொள்ளும். 'சத்து' சேர்த்தால் ஊட்டச்சத்தாகிவிடும்.

துவர்க்கச் செய்வது துவர்ப்பி. நாக்கில் உணர்வது துவர்ப்பு, அதைத் தரும் பொருள் துவர்ப்பி என்று இரண்டும் பிரிந்து நிற்கின்றன. மேற்கத்திய அடிப்படைச் சுவைப் பட்டியலில் துவர்ப்புக்கு இடமில்லை. அதைத் தொடு உணர்வாக வைக்கிறார்கள். நம் அறுசுவையில் அது தனிச்சுவை. இவ்வளவு தெளிவான சொல் கையில் இருந்தும் மொழிபெயர்ப்புகளில் 'கசப்பான ஒயின்' என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது.

உமிழ்நீரிலுள்ள புரதத்தைத் துவர்ப்பி பற்றித் திரளச் செய்கிறது. வழுவழுப்புப் போய் ஈறும் நாக்கும் வறண்டு சொரசொரக்கின்றன. பால் கலக்காத கடுந்தேநீரில் நடப்பதும் இதுதான். பால் ஊற்றியதும் பால்புரதம் துவர்ப்பியைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு தணிகிறது. ஆட்டிறைச்சியும் முற்றிய பாலாடைக்கட்டியும் ஒயினுக்கு அதே உதவியைச் செய்கின்றன.

சொல்லை உண்மையான வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

போர்தோவின் மெதோக் வட்டார ஒயின்களில் கபெர்னே சோவினியோன் திராட்சை ஓங்கியிருப்பதால் துவர்ப்பி மிகுதி. போயாக் ஊரின் ஆட்டுக்குட்டி வாட்டலோடு வைப்பது அங்கத்திய வழக்கம். அதே போர்தோவில் தோர்தோன் ஆற்றின் வலக்கரையில், சேந்தேமிலியோன், பொமெரோல் பக்கம், மெர்லோ ஓங்கியிருப்பதால் துவர்ப்பி மென்மையாக இருக்கும்.

பர்கண்டியின் பினோ நுவார் மெல்லிய தோல் திராட்சை. துவர்ப்பி குறைவு, புளிப்பு தூக்கல். கோழி, காளான், வாத்து சேரும்.

மதிரானில் தன்னா என்ற திராட்சை. பிரான்சிலேயே துவர்ப்பி மிக மிகுந்தவற்றில் ஒன்று. இளம் மதிரானைத் திறந்து, அகன்ற குடுவைக்கு மாற்றி 2 மணி நேரம் காற்றுப்பட வையுங்கள். வாத்துக் கோன்ஃபி, கஸ்ஸூலே போன்ற கொழுப்பு மிகுந்த உணவுக்கு எடுத்தது. மெல்லிய மீனோடு வைத்தால் வாயில் உலோக வாடை தங்கும்.

போஜோலேயின் காமே நேர் எதிர். துவர்ப்பி குறைவு என்பதால் 12–14 பாகை செல்சியசில் குளிரவைத்தே பரிமாறலாம். மிளகாய்க் காரத்தோடும் ஓரளவு ஒத்துப்போகும். துவர்ப்பியும் சாராயச் செறிவும் மிகுந்த ஒயின் காரத்தின் எரிச்சலைக் கூட்டிவிடும். மெதோக்கை அதே குளிரில் ஊற்றினால் மணம் அடங்கித் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். அதற்கு 16–18 பாகை.

எந்த வாக்கியத்திலும் சொல் இடறவில்லை.

---

> பழந்தமிழில் 'துவர்' சிவப்பையும் குறிக்கும். துவராடை, துவர்வாய். குழப்பம் வராதா?

வராது என்றே நினைக்கிறேன்; 'துவர்' தனியாக நிற்கவில்லை, 'துவர்ப்பு' வழியாக வருகிறது. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பியின் பெரும்பகுதியும் திராட்சைத் தோலிலிருந்தே இறங்குகின்றன. ஆனால் நிறமி வேறு, துவர்ப்பி வேறு. நிறம் அடர்ந்திருப்பதை வைத்துத் துவர்ப்பை ஊகிக்கக் கூடாது என்று விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். இத்தாலியின் நெபியோலோ நிறத்தில் வெளிறியது, துவர்ப்பில் கடுமையானது.

உட்பிரிவுகளும் தேவை: தோல் துவர்ப்பி, விதைத் துவர்ப்பி, காம்புத் துவர்ப்பி. விதையுடையதில் கசப்பும் கலந்திருக்கும். பழத்தை அளவுக்கு மீறி அழுத்திப் பிழிந்தால் அது ஏறிவிடும்.

---

> நான்காவதாகப் 'பீப்பாய்த் துவர்ப்பி'?

ஓக் மரத்திலிருந்து ஒயினில் இறங்குவதற்கு 'மரத் துவர்ப்பி' என்று வையுங்கள். 225 லிட்டர் ஓக் பீப்பாய் போர்தோவின் மரபு என்றாலும், எஃகுத் தொட்டியில் ஓக் சில்லுகளை ஊறவைப்பதும் உண்டு. அங்கே பீப்பாயே இல்லை.