அலோஹா சட்டை: 1935ஆ, 1936ஆ?

அலைமகன்: ஹவாய் ஆடை வடிவமைப்பாளர் சிக் ஜேனும் காலணி நிறுவனமான வேன்ஸும் சேர்ந்து வெளியிட்ட காலணி பற்றிப் பேச்செடுத்தாலே "ஹவாய்ப் பண்பாட்டுக்கு மரியாதை" என்று உருகுகிறார்கள். எதற்கு? பூப்போட்ட ஹவாய்ச் சட்டையான அலோஹா சட்டையே 1936இல் எல்லரி சுன் என்ற சீன வம்சாவளி வணிகர் கண்டுபிடித்தது. ஹவாயின் ஹொனலுலு நகரில் கடை, ஜப்பான் கிமோனோத் துணி. பூர்வகுடிகளுக்கு இதில் பங்கே இல்லை. எந்தப் பிராண்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நூல்கண்டு: 1936 என்று இன்னும் எத்தனை இடத்தில் எழுதப் போகிறீர்கள்? 1935 ஜூன் 28 ஹொனலுலு அட்வர்டைசர் நாளிதழில் மூசாஷியா கடை 'அலோஹா' சட்டைக்கு விளம்பரமே கொடுத்துவிட்டது. விலை 95 செண்ட் முதல். சுன் 1936இல் செய்தது வணிகப் பெயரைப் பதிந்ததுதான்.

அலைமகன்: விளம்பரம் கொடுத்தவர் கண்டுபிடித்தவர் ஆகிவிடுவாரா? சுன் அதற்கு முன்பே தைத்து விற்றார்.

நூல்கண்டு: காலையில் 1936, இப்போது "அதற்கு முன்பே". நாளைக்கு என்ன ஆண்டு?

மலைச்சாரல்: சட்டையை விடுங்கள், அதன் மேல் இருக்கும் வடிவம் யாருடையது? சிக் ஜேன் 1985இல் ஹிலோவில் கடை போட்டவர். அவர் வரைவது ஓஹியா லெஹுவா, கலோ, உலு என்று அந்த மண்ணின் செடிகொடிகளை. அவர் மணந்தது ஹவாய் நடனமான ஹூலாவின் ஆசிரியர் எடித் கனகாஓலேயின் மகள் நாலனியை. எடித்தின் முகம் 2023இல் அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தில் வந்தது. ஹவாயன் ஏர்லைன்ஸ் சீருடைக்கு ஜேன் குடும்பம் எடுத்துக்கொண்டது மரப்பட்டைத் துணியில் மூங்கில் அச்சுப் பதிக்கும் பழைய முறையை. இது சுன் கடைச் சரக்கு இல்லை.

அலைமகன்: நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. சட்டை சுன்னுடையது.

நூல்கண்டு: மூசாஷியா. 1935.

தொப்பிப்பித்தன்: ஸ்ட்ரீட்வேர், அதாவது தெரு ஃபேஷன் என்றால் தொப்பிதான். ஹொனலுலு ஃபிட்டட் கடை 2005இலிருந்து தொப்பி நிறுவனமான நியூ எராவோடு சேர்ந்து ஹவாய் அரசர் கமேஹமேஹாவின் சின்னம் போட்ட தொப்பி விடுகிறது. உள்ளூர்க்காரர்களே நடத்தும் கடை. அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

அலைமகன்: போன முறை எனக்கு வளைந்த தொப்பியை விற்றவர் பண்பாடு பேச வந்துவிட்டார்.

தொப்பிப்பித்தன்: பெட்டியோடுதான் அனுப்பினேன். வெயிலில் போட்டு வைத்தது நீங்கள்.

கிடங்குமணி: சண்டை போடுகிறவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஜப்பானின் சன் சர்ஃப் நிறுவனம் பழைய ரேயான் சட்டைகளை எவ்வளவு நுணுக்கமாக மறுபடி செய்கிறது! சட்டைப் பையில் உள்ள பூ, சட்டையில் உள்ள பூவோடு ஒட்டி நிற்க வேண்டும். ஹவாயின் ரீன் ஸ்பூனர் நிறுவனம் துணியின் உட்பக்கத்தை வெளியே திருப்பித் தைப்பதால் நிறம் வெளுத்த மாதிரி அடங்கியிருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

நூல்கண்டு: பிடித்தது பிடிக்காததை யார் கேட்டார்கள் மணி? அலைமகனுக்கு வருகிறேன். 2013இல் சமோவா ஆண்களின் பேஆ என்ற பச்சை குத்தும் கோலத்தை நைக்கி பெண்களின் உடற்பயிற்சி ஆடையில் அச்சிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுச் சரக்கைத் திரும்பப் பெற்றது. "யாரிடமும் கேட்க வேண்டாம்" என்றால் அவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் பின்வாங்கியது?

அலைமகன்: சமோவா ஹவாய் அல்ல. பூகோளம் படியுங்கள்.

நூல்கண்டு: இரண்டும் பாலினேசியா. நீங்கள் நாள்காட்டி படியுங்கள். ஓராண்டைத் தவறாகப் பிடித்துக்கொண்டு ஒரு மக்களுக்கே பங்கில்லை என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தது யாராக இருந்தாலும், இன்று கூட்டு வெளியீடுகளில் விலையேறுவது ஹவாய் என்ற பெயராலும் அந்த மண்ணின் பூக்களாலும். அந்தப் பணத்தில் சிக் ஜேன், ஃபிட்டட் போன்றவர்களுக்குப் பங்கு போகும் வெளியீடு வேறு, யாரோ இருந்த இடத்திலிருந்து செம்பருத்தியை நகலெடுத்து விடுவது வேறு.

மலைச்சாரல்: இதைத்தான் நான் முதலில் சொன்னேன்.

நூல்கண்டு: நீங்கள் சொன்னது நாணயக் கதை.

மலைச்சாரல்: இனி உங்களுக்குப் பதில் கிடையாது.

அலைமகன்: சுன் ஹொனலுலுக்காரர், யேல் பட்டதாரி. அவரும் ஹவாய்தானே? பிறகு அனுமதி எதற்கு?

நூல்கண்டு: பங்கே இல்லை என்றவர் இப்போது சுன்னையே ஹவாய் ஆக்கிவிட்டார். சரி, விளம்பரத் தேதிக்குப் பதில் எங்கே? 1935.

அலைமகன்: 1936. பதிவேட்டில் இருப்பதே கணக்கு.

கிடங்குமணி: யாராவது நடுத்தர அளவு ரீன் ஸ்பூனர் லஹைனா செய்லர் சட்டை வைத்திருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

தொப்பிப்பித்தன்: அலைமகனிடம் மட்டும் வாங்காதீர்கள்.