பெர்முடா புல்தரையில் கிராப்கிராஸ்: எப்போது மருந்திடுவது?

கேள்வி: அமெரிக்காவின் டாலஸில் உள்ள எங்கள் வீட்டின் பெர்முடா (அறுகம்புல்) புல்தரையில் ஆண்டுதோறும் கிராப்கிராஸ் என்னும் களைப்புல் திட்டுத்திட்டாகப் படர்கிறது. புல்தரை கெடாமல் இதனைக் கட்டுப்படுத்த வழி உண்டா?

மறுமொழி 1: வணக்கம் ஐயா. இது ஓராண்டுக் களை. உறைபனியில் செடி மடிந்தாலும், அது உதிர்த்த விதைகள் மண்ணில் காத்திருந்து, மண்ணின் வெப்பநிலை தொடர்ந்து சில நாள்கள் 13 டிகிரி செல்சியஸை எட்டியதும் முளைக்கத் தொடங்கும். ஆகவே புரோடயமின் அல்லது பென்டிமெத்தலின் கலந்த முளைப்புத்தடுப்பு மருந்தை அதற்கு முன்பே, உங்கள் பகுதியில் பிப்ரவரி இறுதிக்குள், சீராகத் தூவி நீர் பாய்ச்சுங்கள். நாள்காட்டியைவிட மண் வெப்பமானியையே நான் நம்புவேன். அந்தப் பருவத்தில் புல்விதை விதைக்க வேண்டாம், அதுவும் முளைக்காது.

மறுமொழி 2: முளைத்துவிட்ட களைக்கு, அது கிளைவிடும் முன்பே குவின்குளோராக் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்கலாம், பெர்முடா அதனைத் தாங்கும். நாள்தோறும் மேலோட்டமாக நீர் தெளிப்பது களைக்கே சாதகம் என்பதால், இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுங்கள்.

கேட்டவர்: நன்றி. மரநிழலில் மட்டும் செயின்ட் அகஸ்டின் புல் உள்ளது, அங்கும் தெளிக்கலாமா?

மறுமொழி 2: கூடாது, குவின்குளோராக் அந்தப் புல்லைக் கருக்கிவிடும். அங்கே களையை, அது விதை பிடிப்பதற்கு முன், கையால் வேரோடு பிடுங்குவதே நல்லது.