அம்மா இல்லாத குழு

மாலதி: அம்மா இந்தக் குழுவில் இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன். இரைப்பைக் கட்டிக்காக அம்மா புதன் காலை அட்மிட் ஆக வேண்டும். ஆபரேஷன் இல்லை, முதலில் லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்ப்பார்களாம்.

விஜயா அத்தை: சிடி ஸ்கேனில்தான் எங்கும் பரவவில்லை என்று வந்ததே?

கண்ணன்: அதேதான். நீ கேட்டாயா இல்லையா?

மாலதி: கேட்டேன். நீ வந்திருந்தால் நீயும் கேட்டிருக்கலாம்.

ராஜி சித்தி: ஆரம்பித்துவிட்டீர்களா இரண்டு பேரும்.

செல்வம் மாமா: டாக்டரிடம் நேற்று அரை மணி நேரம் பேசினேன், பொறுமையாகப் படியுங்கள். வயிற்றின் உட்புறத்தையும் குடலையும் போர்த்தியபடி மெல்லிய சவ்வு இருக்கிறது, பெரிட்டோனியம் என்பார்கள். அக்காவின் கட்டி இரைப்பையின் வெளிச்சுவர் வரை வந்திருக்கிறது. அங்கிருந்து செல்கள் உதிர்ந்து சவ்வில் ஒட்டலாம். 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை பெரும்பாலும் சிடியில் தப்பிவிடும். பெட் ஸ்கேனிலும் எல்லா வகைக் கட்டியும் ஒளிராது. அதனால் மயக்கம் கொடுத்து, சிறு துளை போட்டு, கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். கல்லீரலின் மேற்புறம், உதரவிதானத்துக்கு அடியில், இடுப்புக்குழி எல்லாம். சந்தேகமாக இருந்தால் துளி கிள்ளி பயாப்சி.

விஜயா அத்தை: என்னிடம் இவர் அரை மணி நேரம் பேசி எத்தனை வருஷம் ஆகிறது.

செல்வம் மாமா: இன்னும் முடிக்கவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் சலைன் விட்டு அலசி, அந்த நீரை உறிஞ்சி சைட்டாலஜிக்கு, அதாவது செல் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். அதில் புற்றுச் செல் இருந்தால் அதுவும் நாலாம் கட்டக் கணக்குதான்.

மாலதி: மாமா, அந்த வார்த்தை வேண்டாமே.

ராஜி சித்தி: அப்பாவுக்குத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்தார்களே.

செல்வம் மாமா: அது நடக்கக் கூடாது என்றுதான் இது. செல் இருந்தால் முதலில் கீமோ. சிலருக்கு மருந்துக்குப் பிறகு மறுபடி அலசிப் பார்த்தால் நீர் சுத்தமாக இருக்கும், அப்போது ஆபரேஷன் பேச்சு திரும்ப வரும்.

விஜயா அத்தை: மாமனார் விஷயத்திலும் எனக்குக் கடைசியில்தான் சொன்னீர்கள்.

ராஜி சித்தி: அதை இப்போது எதற்கு அண்ணி?

கண்ணன்: ஸ்கேன் ஃபைல் யாரிடம்?

விஜயா அத்தை: குழுவின் படத்தை யார் மாற்றியது? நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மாலதி: ஃபைல் என்னிடம். புதன் இரவு யார் தங்குகிறீர்கள்?

கண்ணன்: லீவு கேட்டிருக்கிறேன். பார்க்கலாம்.

மாலதி: பார்க்கலாம் என்றால்?

ராஜி சித்தி: நான் இருக்கிறேன், முழங்கால் சொன்னபடி கேட்டால்.

மாலதி: மாமா!! அந்த நீளமான மெசேஜைக் குடும்பக் குழுவிலும் போட்டிருக்கிறீர்கள்.

செல்வம் மாமா: ஐயோ. எப்படி அழிப்பது?

கண்ணன்: அழுத்திப் பிடித்து "எல்லோருக்கும்" என்பதைத் தொடுங்கள்.

செல்வம் மாமா: எனக்கு மட்டும் அழிந்துவிட்டது.

மாலதி: அம்மா பார்த்துவிட்டார். ஏதோ டைப் செய்கிறார்.

விஜயா அத்தை: அண்ணி என்ன சொல்கிறார்?

மாலதி: "போன வாரமே இதைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்டேன். அந்த நீரின் ரிசல்ட் வர எத்தனை நாள் என்று செல்வம் கேட்டானா?"

செல்வம் மாமா: அதைக் கேட்கவில்லை.