புதுப்பிப்பு: தம்பியின் மேல்முறையீடு, தருமபுரி

2023-ல் கைதின்போது தம்பியின் மணிக்கட்டு உடைந்தது. ஆனால் போலீஸைத் தாக்கியதாக இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 353-ல் அவனுக்கே தண்டனை விழுந்தது; மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அமர்வு நீதிமன்றம் அவனை விடுதலை செய்துவிட்டது.

கைகொடுத்தது, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (காயங்களைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கச் சொன்ன யோசனைதான். 'வலது மணிக்கட்டில் வீக்கம்' என்று டாக்டர் பேனாவால் எழுதிய ஒற்றை வரி. தப்பாமல் தடுக்கத் தேவையானதைவிட அதிகமாகக் கட்டுப்படுத்தக் கூடாது என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 49-ஐ (புதிய சட்டத்தில் 46) அதோடு சேர்த்து வக்கீல் வாதாடினார்.

மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடு தாண்டிவிட்டதோ என்று பயந்தோம். தீர்ப்பு நகலுக்குக் காத்திருந்த நாட்கள் அதில் சேராது. அப்புறம், எதிர்பாராத ஒன்று: விடுதலையானாலும் அடித்த போலீஸ்காரர்மேல் தானாக நடவடிக்கை வராது, தனிப் புகார் கொடுக்க வேண்டும். அதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.