தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்ட சோடியம்

வேதிமேசை:
பாதி தண்ணீர், இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி), துவரம்பருப்பு அளவு சோடியம். எப்போதும் போல உருகி மணியாக ஓடியது, பின்னாலேயே இளஞ்சிவப்புக் கோடு. பிறகு கண்ணாடிச் சுவரில் போய் ஒட்டியது. அதன் சூடு, தண்ணீரில் பரவ வழியில்லாமல் அங்கேயே தேங்கி, மஞ்சள் சுவாலை, ஒரு ‘டப்’, ஹைட்ரஜன் வெடித்துக் கண்ணாடியில் கீறல். துண்டின் அளவைக் குறை சொல்லாதீர்கள். ஒட்டியதுதான் கோளாறு. ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் முதலிலேயே விட்டிருந்தால் ஒட்டாது.

அயனி:
சோப்புச் சொட்டு சரி. ஆனால் எல்லா வெடிப்பையும் ஹைட்ரஜன் தலையில் கட்டாதீர்கள் சார். சுவாலை ஹைட்ரஜனுடையது. பெரிய கட்டி வெடிப்பது வேறு. செக் நாட்டு யுங்விர்த் குழு 2015-ல் சோடியம்-பொட்டாசியம் கலவைச் சொட்டை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தது. தண்ணீரைத் தொட்ட ஒரு மில்லி விநாடிக்குள் உலோகம் முள்முள்ளாகச் சீறுகிறது. எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேர் அயனிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இந்தத் தள்ளல் இல்லாவிட்டால் வாயுவும் நீராவியும் நடுவில் புகுந்து வினையை அடக்கியிருக்கும்.

கொள்ளிடத்தான்:
கால்சியத்தை யாரும் சொல்லவில்லையே. மூழ்கும், குமிழ் ஒட்டி மேலே வரும், தண்ணீர் பாலாகக் கலங்கும். பழைய துகள் சாம்பல் பூத்திருந்தால் சில நிமிடம் சும்மா கிடக்கும். பொறுமையிழந்து இன்னும் அள்ளிப் போட்டால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி நுரைத்து வழியும்.

லேப் உதவி:
மீந்த துண்டுகள் எங்கே போயின என்று ஒருவரும் எழுதவில்லை. சிங்க்கில் போடவே கூடாது. தீயில்லாத இடத்தில், நல்ல காற்றோட்டத்தில், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒவ்வொரு சிறு துண்டாகப் போடுங்கள். மெத்தனால் வேண்டாம், வேகம் அதிகம். குமிழ் நின்றதும் அவசரப்படாமல் அசைத்துப் பாருங்கள், அடியில் துண்டு ஒளிந்திருக்கும். முழுக்கக் கரைந்த பிறகே தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. பொட்டாசியம் என்றால் இன்னும் கவனம். வருடக்கணக்கில் மண்ணெண்ணெயில் கிடந்து மஞ்சள் படலம் கட்டியிருந்தால் அது சூப்பராக்சைடு, அதாவது ஆக்சிஜன் மிகுந்த சேர்மம். கத்தி வைத்தால் எண்ணெயோடும் உலோகத்தோடும் சேர்ந்து வெடிக்கும். வெட்டாதீர்கள், சுரண்டாதீர்கள், அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் பாட்டிலோடு ஒப்படையுங்கள். தீப்பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது, சூடான சோடியம் அதோடும் வினைபுரியும். காய்ந்த மணல்தான். அந்த வாளியை அவ்வப்போது வெயிலில் காயப்போடுங்கள், ஈர மணலைக் கொட்டினால் தண்ணீர் ஊற்றியது போலத்தான்.