தோட்டா பஞ்சம்: கம்பெனி பதுக்கியதா, நாம் பதுக்கினோமா?

பித்தளை பொறுக்கி (டெக்சஸ்)
நேற்று கடையில் ஆயிரம் பிரைமர் (தோட்டாவின் பின்னால் வைக்கிற, பொறி தரும் சின்னப் பொட்டு) கொண்ட பெட்டி 78 டாலர். இதே கடையில் இதே பெட்டியை 2019-ல் 32 டாலருக்கு வாங்கிய ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். அதிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது, அப்புறம் கோடைக்காலப் போராட்டங்கள், நவம்பரில் தேர்தல். அமெரிக்கா முழுக்கத் தோட்டா அலமாரி காலி. ஐம்பது தோட்டா போட்ட 9 மில்லிமீட்டர் பெட்டி முன்பு பத்து டாலர் பக்கம் இருந்தது, அது நாற்பதைத் தொட்டது. 2022 வாக்கில்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம். விலை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. இது கம்பெனிகள் கட்டிய நாடகம் என்றுதான் நான் சுடப் போகும் ரேஞ்சில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஸ்கீட் அண்ணாச்சி (நியூஜெர்சி)
இதில் நினைக்க என்ன இருக்கிறது? ஃபெடரல், சிசிஐ, ஸ்பியர் என்ற மூன்று தோட்டா கம்பெனிகளும் அப்போது விஸ்டா அவுட்டோர் கையில் இருந்தன. 2020 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அந்தக் கம்பெனிக்குப் பதினைந்து கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இரண்டே வருடத்தில் 47 கோடி டாலர் லாபம். ஊரே பஞ்சத்தில் கிடக்கும்போது அரிசி மண்டிக்காரர் மட்டும் மாடி மேல் மாடி கட்டினால் நம் ஊரில் என்ன பேசுவார்கள்?

2020 டிசம்பரில் ஃபெடரலின் தலைவர் வீடியோவில் வந்து, நாங்கள் எதையும் மறைத்து வைக்கவில்லை, நூறு கோடி டாலருக்கு ஆர்டர் தேங்கி நிற்கிறது என்றார். அவ்வளவு தேங்கியிருந்தால் புது உற்பத்தி லைன் போட வேண்டியதுதானே?

கணக்கன் (ஓஹையோ)
அண்ணாச்சி, அந்த 47 கோடியில் சைக்கிள் ஹெல்மெட்டும் பைனாகுலரும் தண்ணீர்ப் பையும் சேர்ந்திருக்கின்றன. விஸ்டா தோட்டா மட்டும் விற்ற கம்பெனி இல்லை. கொரோனாவில் வீட்டில் அடைபட்டவன் எல்லாம் சைக்கிள் வாங்கினான், அந்தக் காசும் அதில்தான்.

புது லைன் கதைக்கு வருகிறேன். நான் தொழிற்சாலைத் திட்டமிடலில் இருப்பவன், தோட்டா தொழில் அல்ல, ஆனால் வலி ஒன்றுதான். 2016 தேர்தலுக்கு முன், இனித் துப்பாக்கிக்குத் தடை வரும் என்று எல்லோரும் வாங்கிக் குவித்தார்கள். டிரம்ப் ஜெயித்ததும் விற்பனை படுத்தது. 2018 மார்ச்சில் துப்பாக்கியும் தோட்டாவும் செய்த ரெமிங்டன் திவால். மறுபடி 2020 ஜூலையில், பஞ்சம் நடக்கும்போதே, இரண்டாவது முறை திவால்! விற்பனை படுக்கும்போது கடனில் மாட்டியவனின் கதி இதுதான் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடன் வாங்கிப் புது லைன் போடுவார்களா? சிவகாசிக்காரருக்குத் தீபாவளி எந்த மாதம் என்று தெரியும், முன்கூட்டியே சரக்குப் போடுவார். தோட்டா கம்பெனிக்குப் பஞ்சாங்கமே கிடையாது.

அடுத்து தேவை. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைப் பார்க்க எஃப்பிஐ நடத்தும் சோதனைகள் 2019-ல் 2.84 கோடி, 2020-ல் 3.97 கோடி. முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் அந்த வருடம் 84 லட்சம் என்பது தொழில் சங்கத்தின் மதிப்பீடு. ஆளுக்கு இரண்டே இரண்டு பெட்டி என்று வையுங்கள். 84 கோடித் தோட்டா. பழைய ஆட்கள் வாங்குவது தனி.

புதுசு (ஜார்ஜியா)
அந்த 84 லட்சத்தில் நானும் ஒருவன். இரவு வேலை முடித்துத் தனியாகக் காரில் வருகிறவன், 2020 ஜூனில் ஒன்று வாங்கினேன். இரண்டு பெட்டி கேட்டேன், கடைக்காரர் ஒன்றுதான் கொடுத்தார். ரேஞ்சில் முப்பது சுட்டுவிட்டு மீதி இருபதை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். இங்கே எல்லோரும் புது ஆட்களால்தான் பஞ்சம் என்கிறீர்கள். ஐம்பது தோட்டா வாங்கியவனாலா?

பித்தளை பொறுக்கி
இல்லை தம்பி. உன்னால் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கடைக்குச் செவ்வாய்க்கிழமை லாரி வரும். காலை ஆறு மணிக்கே மடக்கு நாற்காலியோடு பத்துப் பதினைந்து பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், கையில் காபி பிளாஸ்க். ஆளுக்கு ஒரு பெட்டி என்று கடை சொன்னால், ஒருவர் மனைவியையும் மச்சானையும் கூட்டி வருவார். 2016 நவம்பரில் நம் ஊர் ஏடிஎம் வாசல் எப்படி இருந்தது, அதே முகங்கள் என்று வைத்துக்கொள். நானும் அந்த வரிசையில் நின்றேன். எனக்குத் தேவையே இல்லாத .40 தோட்டாகூட வாங்கினேன், கிடைத்ததே என்று. அந்த அளவில் என்னிடம் துப்பாக்கியே கிடையாது.

என் அலமாரியில் அப்போது பதினான்காயிரம் பிரைமர் இருந்தது. நான் வருடத்துக்கு மூவாயிரம் சுடுவேன்.

கணக்கன்
அப்படியென்றால் பஞ்சத்தைத் தேடி மிசிசிப்பியிலும் மினசோட்டாவிலும் இருக்கும் தோட்டா ஆலைகளுக்குப் போக வேண்டாம். உங்கள் கராஜில் இருக்கிறது.

ஸ்கீட் அண்ணாச்சி
அவர் மனம் திறந்து சொன்னதற்கு இப்படிக் குத்த வேண்டாம். 2013-ஐ அனுபவித்தவன் அப்படித்தான் இருப்பான். சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு .22 தோட்டா காணாமல் போனது, வருடக்கணக்கில் சரியாகவில்லை. பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த மலிவான தோட்டா அது. ஒரு தடவை பசித்தவன் குதிர் வைக்கத்தான் செய்வான்.

தம்பி கணக்கு நன்றாகப் போடுகிறார், ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டார். அமெரிக்காவில் பிரைமர் செய்யும் பெரிய பெயர்கள் நாலே நாலு: சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். திவாலான ரெமிங்டனின் அர்கன்சாஸ் தோட்டா ஆலையை 2020-ல் எட்டுக் கோடிச் சொச்சம் டாலருக்கு வாங்கியது யார்? அதே விஸ்டா. நாலில் மூன்று ஒரே வீட்டில். 2024 நவம்பரில் அந்த மொத்தமும் செக் நாட்டுக் குழுமம் ஒன்றுக்குப் போய்விட்டது. போட்டி எங்கே இருக்கிறது, விலை எதற்கு இறங்கும்?

கணக்கன்
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மூடிக் கிடந்த ஆலைக்கு ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு ஓட்டியதும் அவர்கள்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனால் பிரைமர் ஏன் முட்டுக்கட்டை ஆனது என்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? தோட்டாவில் நாலு பொருள்: பித்தளைக் கூடு, வெடிமருந்து, ஈயக்குண்டு, பிரைமர். முதல் மூன்றுக்கு ஓரளவு மாற்று வழி உண்டு. பிரைமருக்கு இல்லை. நாம் சின்ன வயதில் தீபாவளிக்குச் சுட்ட பொட்டுவெடி மாதிரிதான், ஆனால் அதன் மருந்து லெட் ஸ்டிஃப்னேட். காய்ந்தால் லேசான உரசல் போதும். அதனால் ஈரமாகக் குழைத்து, துளை போட்ட தட்டில் கையால் தேய்த்து நிரப்புகிறார்கள். அந்த வேலைக்கு நேற்று சேர்ந்தவனை இன்று நிறுத்த முடியாது. கட்டடமும் தனித்தனி அறைகளாகத் தடித்த சுவரோடு இருக்க வேண்டும்.

அப்புறம், பிரைமர் குறைவாக இருந்தால் கம்பெனி முதலில் தன் சொந்தத் தோட்டாவில்தான் பொருத்தும். மிச்சம் இருந்தால்தான் ரீலோடிங் செய்கிறவர்களுக்கு, அதாவது சுட்ட கூட்டை வீட்டில் மறுபடி நிரப்புகிறவர்களுக்கு, தனிப் பெட்டி.

பித்தளை பொறுக்கி
அதுதான் எங்களைக் கொன்றது. ரேஞ்சில் குனிந்து குனிந்து பொறுக்கிய பித்தளை நாலு வாளி. ஈயக்குண்டு நானே வார்த்துக்கொள்வேன், பழைய டயர்க் கடை ஈயத்தை உருக்கி. வாளி வாளியாகப் பித்தளை இருந்தும் பின்னால் வைக்க அந்தப் பொட்டு இல்லை.

கோவை ரேஞ்ச்
உங்கள் சண்டை சுவாரஸ்யமாக இருக்கிறது சார். ஏடிஎம் வரிசை என்றதும் நானும் எட்டிப் பார்த்தேன். நான் இங்கே இந்தியாவில் .22 பிரோன், அதாவது படுத்தபடி சுடும் போட்டி, சுடுகிறவன். உரிமத்தில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒன்றுகூட வைக்க முடியாது. வாங்கியது, சுட்டது எல்லாம் ஏட்டில் ஏறும். பதினான்காயிரம் என்று படித்ததும் ஒரு நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

எங்களுக்குப் பஞ்சம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. போட்டிக்கான தோட்டா பர்மிங்ஹாமிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வர வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஆனால் லாட் எண் (எந்தத் தொகுப்பில் செய்தது என்ற எண்) மாறினால் என் குழலில் குண்டுகள் நெருக்கமாக விழாமல் விரிந்துவிடும். ஐரோப்பியர்கள் துப்பாக்கியை ஆலையின் சோதனைக் கூடத்துக்கே கொண்டுபோய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக வாங்குவார்கள். நாங்கள் வந்த லாட்டுக்குத் தலையாட்டுகிறோம். எனக்குச் சரியாக அமைந்த லாட்டில் கடைசி இருநூறைப் போட்டிக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன், பயிற்சிக்குத் தோட்டா போடாமல் ட்ரிகர் மட்டும். சுவரில் ஒரு கரும்புள்ளி, தினமும் நாற்பது நிமிடம். அதில் மதிப்பெண் ஏறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்கீட் அண்ணாச்சி
தம்பி, உங்களுக்குச் சுவர் போதும். தட்டு பறக்கிற விளையாட்டில் அது பாதி வழிதான் வரும். எங்களுக்கு ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தோட்டா, ஒலிம்பிக் டிராப்பில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 125. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் வரை போனாரே, அதற்குப் பின்னால் எத்தனை பெட்டி என்று எண்ணிப் பாருங்கள்.

புதுசு
இப்போது ஏன் விலை இறங்கவில்லை என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டம் போய்விட்டதே?

கணக்கன்
கொஞ்சம் போட்டிக் குறைவு, அண்ணாச்சிக்கு அதை விட்டுக்கொடுக்கிறேன். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குத் தடை வந்தது, இரும்புக் கூடு போட்ட மலிவுச் சரக்கு அதோடு போச்சு. அப்புறம் உக்ரைன் போர். பீரங்கிக் குண்டை உந்தும் மருந்துக்கும் நம் தோட்டா மருந்துக்கும் அடிப்படை ஒன்றே, நைட்ரோசெல்லுலோஸ். உலகளவில் வெடிமருந்துத் தட்டுப்பாடு என்று விஸ்டாவே கடைகளுக்குக் கடிதம் எழுதி 2024 ஜனவரியிலிருந்து விலையை ஏற்றியது.

ஸ்கீட் அண்ணாச்சி
கடிதம் எழுத மட்டும் கை வருகிறது.

புதுசு
பித்தளை அண்ணா, நானும் போன மாதம் ஒரு ரீலோடிங் பிரஸ் வாங்கினேன். அடுத்த வாரம் வேலையாக டல்லாஸ் வருகிறேன். அந்தப் பதினான்காயிரத்தில் இப்போது எவ்வளவு மிச்சம்?

பித்தளை பொறுக்கி
ஒன்பதாயிரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ரேஞ்சுக்கு வா தம்பி. ஒரு பெட்டி, 32 டாலர். ரசீதையும் காட்டுகிறேன்.

ஸ்கீட் அண்ணாச்சி
எனக்கு?

பித்தளை பொறுக்கி
உங்களுக்கு வேண்டியது ஷாட்கன் பிரைமர், 209. என்னிடம் இல்லை அண்ணாச்சி. இருந்திருந்தால் அதையும் வாங்கி வைத்திருப்பேன்.