கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ரவிவர்மா படம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு வளவில் இரண்டு பழைய படங்கள் இருக்கின்றன. ஒன்று ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமி. அடியில் 'கார்லா, லோனாவ்லா' என்று இருக்கிறது. 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் அந்தப் பக்கம் இடம் மாறிய பிறகு அச்சானது. மற்றது தஞ்சாவூர் ஓவியம், ஆலிலைக் கிருஷ்ணர்.

போன மழையில் ஓடு ஒழுகி, லட்சுமியின் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடுமே என்று தொடவே இல்லை. கிருஷ்ணருக்குப் பலகை உளுத்து, சுண்ணப் பூச்சு உப்பி, தங்க ரேக்கு உதிர்கிறது. மேலே புதிதாக வண்ணம் பூசித் தருவதாக ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அப்பத்தா விளக்கேற்றிக் கும்பிட்ட அதே முகம்தான் வேண்டும்.

பங்காளிகள் சிலர் பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்றுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் ரவிவர்மா, தஞ்சாவூர் ஓவியங்களுக்குப் பேர்போனது. அதே வளாகத்தில் பழம்பொருட்களைச் சிதையாமல் காக்கும் பாதுகாப்பு ஆய்வகமும் 1930 முதல் இருக்கிறது. வீட்டுப் படங்களுக்கு அங்கே ஆலோசனை தருவார்களா? யாராவது கேட்டிருக்கிறீர்களா? அப்புறம், ரேக்கு உதிராமல் அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது? அடுத்த மழைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.